ராகியில் ஒட்டுத் தேர்வுக்கு ஏஐ: 240 லைன் தரவை வைத்து எங்கிருந்து தொடங்குவது?

நாற்றங்கால் (பென்னாகரம்)

எல்லாருக்கும் வணக்கம். 8 பெற்றோரிலிருந்து வந்த 12 குடும்பம், குடும்பத்துக்கு 20 வீதம் 240 ராகி லைன் (தற்கலப்பில் நிலைப்படுத்திய வம்சம்) கையில் இருக்கு. எல்லாம் எஃப்6, அதாவது ஒட்டுக்குப் பின் ஆறாம் தலைமுறை. போன ஆடிப்பட்டத்தில் பென்னாகரம் பக்கமும் தளி பக்கமும் மானாவாரியில், இடத்துக்கு 2 ரெப்ளிகேஷன் (ஒரே லைனைத் திரும்பப் போடுவது) போட்டு, மகசூல், பூக்கும் நாள், தூர், விரல் எண்ணிக்கை, கழுத்துக் குலைநோய் எல்லாம் எடுத்தாச்சு. சீக்வென்ஸிங் வழி ஜீனோடைப்பிங்கும் (டி.என்.ஏ. வாசிப்பு) முடிந்து 22,000 எஸ்.என்.பி. மார்க்கர் (டி.என்.ஏ.-வில் ஒரு எழுத்து மாறும் இடம்) வந்திருக்கு.

நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கி மகசூலைக் கணிக்க வைத்தேன். 5 பங்காகப் பிரித்துச் சோதித்ததில் கணிப்புக்கும் நிஜத்துக்கும் தொடர்பு 0.61 வருது. மேலே வரும் 10 லைனையும் ஒன்றோடொன்று கலந்தால் 45 ஒட்டு. அடுத்த பட்டத்தில் அதைத் தொடங்கலாம் என்று எண்ணம். இந்த வழி சரிதானா? மாடலை இன்னும் ஆழமாக்கினால் 0.7 தாண்டுமா?

---

எண்கணக்கு (தர்மபுரி)

தம்பி, மாடலை ஆழமாக்குவதற்கு முன்னால் அந்த 0.61 எதை அளக்கிறது என்று பாருங்க.

240 லைனைக் கலைத்துப்போட்டு 5 பங்காகப் பிரித்தால், சோதனைப் பங்கில் இருக்கும் ஒவ்வொரு லைனுக்கும் கூடப்பிறந்த 15, 16 லைன் பழக்கும் பங்கில் இருக்கும். அப்போது மாடல் குடும்ப சராசரியைத் தெரிந்துகொண்டாலே போதும், தொடர்பு உயர்ந்துவிடும். நமக்கு வேண்டியது குடும்பத்துக்குள்ளே எது நல்லது, எது மட்டம் என்ற பிரிப்பு. இப்படிச் செய்யுங்க: ஒரு குடும்பம் முழுவதையும் வெளியே வைத்து, மீதி 11 குடும்பத்தில் பழக்கி, வெளியே வைத்ததைக் கணித்து, அந்த ஒரு குடும்பத்துக்குள் மட்டும் தொடர்பு எடுங்க. 12 தடவை இதைச் செய்து சராசரி பாருங்க. கூடவே ஆர்.ஆர்.பிளப் என்ற சாதாரண நேர்கோட்டு மாடலையும் அதே பிரிப்பில் ஓட்டுங்க.

இன்னும் இரண்டு இடத்தில் சோதனைத் தரவு பழக்கும் தரவுக்குள் கசியும். மொத்த 240-ஐயும் வைத்து மகசூலோடு தொடர்புள்ள மார்க்கர்களை முன்கூட்டியே பொறுக்கிவிட்டுப் பிறகு சோதித்தால் விடை முன்பே தெரிந்த தேர்வு அது. பொறுக்குவதை ஒவ்வொரு பிரிப்புக்குள்ளும் தனியாகச் செய்யணும். அடுத்தது, ஒரே லைனின் இரண்டு ரெப்ளிகேஷன் தனித்தனி வரியாக இருந்து ஒன்று பழக்கத்துக்கும் ஒன்று சோதனைக்கும் போயிருந்தால் மொத்தமும் வீண். ஒரு லைனுக்கு ஒரு வரிதான்.

240 வரி, 22,000 நிரல் உள்ள தரவில் நியூரல் நெட்வொர்க் மனப்பாடம்தான் செய்யும். ஆயிரக்கணக்கில் லைனும் பல வருஷத் தரவும் இருந்தால் பேச்சு வேறு. இந்த அளவுக்கு, 2001-ல் மியூவிசன், ஹேய்ஸ், காட்டர்ட் மூவரும் முன்வைத்த ஜீனோமிக் செலக்ஷன் (எல்லா மார்க்கரையும் சேர்த்து மதிப்பிட்டுப் பொறுக்குவது) வழியிலேயே போங்க.

மாறுபாட்டுப் பகுப்பாய்வில் மரபுக்கு எவ்வளவு, இடத்துக்கு எவ்வளவு, பிழைக்கு எவ்வளவு என்று வந்ததையும் போடுங்க.

---

நான்மடியம் (கிருஷ்ணகிரி)

மார்க்கர் தரவை எப்படிச் சலித்தீர்கள்? ராகியில் அங்கேதான் முதல் சறுக்கல் வரும்.

ராகி நான்மடியப் பயிர் (நான்கு குரோமோசோம் தொகுதி உள்ளது), 36 குரோமோசோம். ஏ, பி என்று இரண்டு துணைத்தொகுதி. பரம்பரையில் இரண்டும் தனித்தனியே இறங்குகின்றன, ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் சீக்வென்ஸிங் துண்டுகள் குட்டையாக இருப்பதால் ஏ-யில் இருந்து வந்ததும் பி-யில் இருந்து வந்ததும் ஒரே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மென்பொருள் "ஹெட்டிரோசைகஸ்" (ஒரே இடத்தில் இரண்டு வடிவமும் இருப்பது) என்று எழுதிவிடும். அது போலி.

கண்டுபிடிப்பது சுலபம். எஃப்2-வில் 50 சதவீதம், எஃப்3-யில் 25, எஃப்4-இல் 12.5, எஃப்5-இல் 6.25, எஃப்6-இல் 3.125 சதவீதம்தான் ஹெட்டிரோசைகஸ் இருக்க வேண்டும். ஒரு மார்க்கரில் 240-க்கு 90 லைன் ஹெட்டிரோசைகஸ் என்று வந்தால் அந்த மார்க்கரை யோசிக்காமல் நீக்குங்க. நான் வைக்கும் எல்லை 10 சதவீதம், அதாவது 24 லைன். 20 சதவீதத்துக்கு மேல் விடுபட்ட மார்க்கரும் போகட்டும். அரிய அல்லீல் (ஒரு மரபிடத்தின் அரிதான வடிவம்) 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் நீக்கலாம். ஆனால் உங்களிடம் 8 பெற்றோர்தான். ஓரிரு குடும்பத்தில் மட்டும் வந்த ஒரு பெற்றோரிடமிருந்து வரும் குலைநோய் எதிர்ப்பு இடம் அந்த எல்லைக்கு அருகில் நிற்கும், அதைத் தெரியாமல் தூக்கிவிடாதீர்கள். விடுபட்டதை நிரப்புவது இந்தச் சலிப்பெல்லாம் முடிந்த பிறகுதான். முன்னாடியே நிரப்பினால் போலி ஹெட்டிரோசைகஸ் பக்கத்து மார்க்கருக்கும் பரவும்.

பிறகு உறவு மேட்ரிக்ஸை (லைனுக்கு லைன் மரபு ஒற்றுமைப் பட்டியல்) போட்டு மூலைவிட்டத்தைப் பாருங்க. முழுதாகத் தற்கலப்பான லைன்களுக்கு அது 2-ஐ ஒட்டி வரணும். 1.3, 1.4 என்று நிற்கும் லைனில் விதை கலந்திருக்கலாம், இல்லை ஆய்வகத் தட்டில் பக்கத்துக் கிணற்று (குழி) டி.என்.ஏ. கலந்திருக்கலாம். வேறு வேறு பெயரில் உள்ள இரண்டு லைன் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் களத்தில் விதை கலந்திருக்கு. ஆயிரம் ராகி விதை சுமார் 3 கிராம்தான், அடிக்கும்போது சாக்கு மடிப்பிலும் முறத்தின் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போய்விடும்.

அடுத்த தடவை மாதிரி அனுப்பும்போது 96 கிணறு உள்ள ஆய்வகத் தட்டில் ஒரு கிணற்றைக் காலியாக விடுங்க, தட்டுக்குத் தட்டு வேறு இடத்தில். தட்டைத் தலைகீழாக வைத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஜி.பி.யு. 28 மாதிரி தெரிந்த ரகம் ஒன்றைத் தட்டுக்கு இரண்டு கிணற்றில் வையுங்க. 3 தட்டுக்கு 279 இடம் மிஞ்சும், 240 லைனும் பெற்றோர்களும் அடங்கிவிடும்.

---

நாற்றங்கால்

எண்கணக்கு அக்கா, நான்மடியம் சார், இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடி சலித்ததில் 22,000-இல் 7,400 மார்க்கர்தான் நின்றது. நான்கு ஜோடி லைன் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகுது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கேன்.

குடும்பத்தை வெளியே வைத்த சோதனையில் நியூரல் நெட்வொர்க் 0.18, ஆர்.ஆர்.பிளப் 0.24. மாறுபாடு: மரபை 100 என்று வைத்தால், லைன் × இடம் (ஒரே லைன் இடத்துக்கு இடம் மாறி நடப்பது) 80, பிழை 300.

0.24 என்பது கையைக் கட்டிப்போடுகிற மாதிரி இருக்கு. இதை வைத்து மேற்கொண்டு போக முடியுமா?

---

எண்கணக்கு

போக முடியும். 0.24 என்பது வயல் அளவீட்டோடு உள்ள தொடர்பு. வயல் அளவீட்டிலேயே பிழை இருக்கிறதே, அதைக் கழித்துப் பார்க்கணும்.

லைன் சராசரியின் ஹெரிட்டபிலிட்டி (மொத்த மாறுபாட்டில் மரபின் பங்கு): 2 இடம், லைனுக்கு 4 பாத்தி என்பதால் 100-ஐ, 100 + 80/2 + 300/4 என்பதால் வகுக்கணும். கீழே 215, விடை 0.465. அதன் வர்க்கமூலம் 0.68. 0.24-ஐ 0.68-ஆல் வகுத்தால் 0.35. தோராயமாக இதுதான் உங்கள் மாடலின் உண்மையான துல்லியம். பெரிய எண் இல்லைதான், ஆனாலும் ஒரு பட்டம் வயலில் போடாமலே எஃப்4 லைன்களைக் கழித்துக்கட்டப் பயன்படும்.

அதைவிட முக்கியமானது அடுத்த கணக்கு. அதே 960 பாத்தியை 4 இடத்தில், இடத்துக்கு ஒரே ஒரு முறை போட்டிருந்தால்: 100 + 80/4 + 300/4 = 195. ஹெரிட்டபிலிட்டி 0.513. பாத்தி ஒன்றுகூடக் கூடவில்லை, பலன் மட்டும் கூடுது. இடத்தோடு சேர்ந்த மாறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ரெப்ளிகேஷனை விட இடம்தான் வேண்டும். பென்னாகரம், தளியோடு அரூர், வேப்பனப்பள்ளியையும் சேருங்க.

960 பாத்திக்கு ஆள் இல்லை என்றால் பாதியிலும் நடத்தலாம். ஒவ்வொரு லைனும் 4 இடத்தில் 2 இடத்தில் மட்டும். 4 இடத்தில் 6 ஜோடி வரும். ஜோடிக்கு 40 லைன் என்றால் 240-உம் முடிந்தது, இடத்துக்கு 120 பாத்தி. ஒவ்வொரு 40-லும் எல்லாக் குடும்பத்திலிருந்தும் 3, 4 லைன் இருக்கணும். விட்ட இடத்தில் அந்த லைன் எப்படி இருந்திருக்கும் என்பதை அதன் உறவுகள் வழியாக மாடல் சொல்லும். ஜீனோமிக் மாடலில் நான் பெரிதாக மதிப்பது இந்த வேலையைத்தான். புது லைனைக் கணிப்பது அதற்கு அடுத்ததுதான்.

உங்கள் எண்ணில் இன்னொரு சேதியும் இருக்கு. பென்னாகரத்துக்கும் தளிக்கும் இடையே மரபுத் தொடர்பு 100/180, அதாவது 0.56. இரண்டு இடத்துக்கும் ஒரே ரகம் தேடுவதா, தனித்தனியா என்று இப்போதே முடிவெடுங்க.

---

தளிமேடு (தேன்கனிக்கோட்டை)

தனித்தனிதான் தம்பி. தளி, அஞ்செட்டி மேட்டில் குளிர் அதிகம், ஒரே லைன் கீழே பூப்பதைவிட இங்கே தள்ளித்தான் பூக்கும். அரூர் பக்கம் வெயில் வேறு, மண் வேறு. மகசூல் ஒன்றை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டர் பொறுக்கினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்க. மழை முன்கூட்டியே நின்ற வருஷம் என்றால் குறுகிய வயது லைன் எல்லாம் மேலே வந்து நிற்கும். அவை நல்ல லைன் என்பதால் இல்லை, வறட்சி வருவதற்கு முன்னால் மணி கட்டிவிட்டதால். அடுத்த வருஷம் ஐப்பசி மழை கதிர் முற்றும் நேரத்தில் பிடித்துக்கொண்டால் அதே லைன் நின்ற இடத்திலேயே முளைக்கும்.

அப்புறம் தட்டு, அதாவது மாட்டுக்குப் போடும் ராகி வைக்கோல். மாடு வைத்திருக்கிறவனுக்கு ராகி என்றால் பாதி வருமானம் தட்டுதான். குட்டையாக, சாயாமல், மணி மட்டும் நிறைய என்று பொறுக்கிக்கொண்டே போனால் தீவனம் போய்விடும். ரகம் வெளியானாலும் இந்தப் பக்கம் ஒருத்தர் இரண்டாம் வருஷம் விதைக்க மாட்டார். தட்டு எடையை அளந்தீர்களா? உங்கள் பட்டியலில் காணோம்.

---

எண்கணக்கு

அண்ணா சொன்ன இரண்டும் கணக்கில் ஏற வேண்டியவை.

பூக்கும் நாளைக் கூட்டுக் காரணியாக மாடலில் வைத்து ஒருமுறை, வைக்காமல் ஒருமுறை ஓட்டுங்க. மேலே வரும் 40 லைன்களின் பட்டியல் இரண்டிலும் எவ்வளவு மாறுது என்று பாருங்க. பாதிக்கு மேல் மாறினால் உங்கள் மாடல் மகசூல் என்ற பெயரில் வயதைக் கற்றிருக்கிறது. அப்போது வயதைத் தனிக் குணமாகக் கணித்து, மானாவாரிக்கு இத்தனை நாளுக்குள் என்று எல்லை போடுவது நல்லது.

தட்டை எடைமதிப்பு கொடுத்துக் குறியீட்டெண்ணில் சேர்க்காதீங்க. மணிக்கு 0.7, தட்டுக்கு 0.3 என்று கொடுத்தால் மணி கொஞ்சம் கூடும்போது தட்டை விட்டுக்கொடுத்துவிடும். "ஜி.பி.யு. 28-இன் தட்டு எடைக்குக் கீழே போகக்கூடாது" என்று தரை வையுங்க. விவசாயி கேட்பது அதுதான், கணக்கும் அப்படியே எழுதப்படணும்.

பாத்தி அளவீடு எப்படி எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்க. பிழை 300 என்பது எனக்கு அதிகமாகப் படுது.

---

நாற்றங்கால்

22.5 × 10 செ.மீ. நடவு, 3 மீட்டர் நீளம், 4 வரிசை. நாற்று 20 நாள். உரம் மானாவாரிப் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 40:20:20 கிலோ. பாத்தி முழுவதையும் அறுத்து, கொக்கித் தராசில் எடை. ரெப்ளிகேஷன் ஒவ்வொன்றும் மேட்டிலிருந்து பள்ளம் வரை, சரிவை ஒட்டி நீளவாக்கில். தட்டு எடை எடுக்கவில்லை.

---

எண்கணக்கு

அங்கேதான் பிழை.

பாத்திக்கு 120 குத்து (நட்ட செடி), 2.7 சதுர மீட்டர். 100 கிராம் எடைத் தவறு ஹெக்டேருக்கு 370 கிலோ. கொக்கித் தராசில் 100 கிராம் என்பது முள்ளின் நடுக்கம். 5 கிராம் பிரிக்கும் மின்தராசு வேண்டும்.

ஓர வரிசையும் முனைக் குத்துகளும் பக்கத்து இடைவெளியில் இருந்து வெளிச்சமும் ஈரமும் எடுத்துக்கொண்டு தூர் அதிகம் விடும். நடு இரண்டு வரிசை, அதிலும் இரண்டு முனையிலும் ஒரு குத்து விட்டு, 56 குத்து மட்டும் அறுங்க. பரப்பு 1.26 சதுர மீட்டர். வகுக்கும்போது 2.7 போட்டுவிடாதீர்கள். குத்து விடுபட்டிருந்தால் எண்ணி எழுதுங்க. ஆனால் மகசூலை அதே விகிதத்தில் ஏற்றக்கூடாது, பக்கத்துக் குத்து தூர் விட்டுப் பாதியை ஈடுகட்டியிருக்கும். எண்ணிக்கையை மாடலில் காரணியாக வைத்தால் தரவே அந்த விகிதத்தைச் சொல்லும்.

ஈரப்பதம் எல்லாருக்கும் ஒன்றல்ல. 16 சதவீத ஈரத்தில் எடைபோட்டதை 12-க்கு மாற்ற 84/88-ஆல் பெருக்கணும். நாலரை சதவீதம் குறையும். பின்வயது லைன்கள் ஈரமாகத்தான் வரும், அவற்றுக்கு இலவச எடை கிடைத்துவிடும்.

சரிவு விஷயம் இன்னும் பெரிசு. நம் செம்மண் சரிவில் கீழ்முனையில் வண்டலும் ஈரமும் தங்கும். சரிவை ஒட்டி நீளவாக்கில் ரெப்ளிகேஷன் போட்டால் ஒரே ரெப்ளிகேஷனுக்குள் மேட்டு லைனும் பள்ளத்து லைனும் மோதும். தொகுதிகளைச் சரிவுக்குக் குறுக்கே, வரப்பு போகும் திசையில் போடணும். இப்போதைய தரவிலும் ஒவ்வொரு பாத்திக்கும் வரிசை எண், நிரல் எண் இருந்தால் இடஞ்சார்ந்த திருத்தம் செய்து கொஞ்சம் மீட்கலாம். அந்த இரண்டு எண் இருக்கா?

---

நாற்றங்கால்

இருக்கு அக்கா, ஃபீல்ட் புக் செயலியில் பதிந்ததால் வரிசை, நிரல் இரண்டும் இருக்கு. திருத்தம் போட்டு ஓட்டினேன். பிழை 300-இலிருந்து 235-க்கு வந்தது. குடும்பத்தை வெளியே வைத்த சோதனையும் 0.24-இலிருந்து 0.29.

---

நான்மடியம்

பாத்தீங்களா, மாடலில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

விரல் எண்ணிக்கைக்குப் படம் வைத்து எண்ணும் மாடல் பயன்படுத்தினீர்களா என்று தெரியவில்லை. பயன்படுத்தினால் ஒன்று சொல்கிறேன். நியூரல் நெட்வொர்க்குக்கு இந்தத் துறையில் உண்மையான இடம் படம்தான். ஒரு படத்தில் பல கதிர், ஒரு பட்டத்தில் ஆயிரக்கணக்கில் படம், தரவுப் பஞ்சம் கிடையாது. அறுத்த கதிரைக் கறுப்புத் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைத்து, பக்கத்தில் 30 செ.மீ. அளவுகோல், லைன் எண் எழுதிய அட்டை, நிழலில், ஃபோனைத் தாங்கியில் ஒரே உயரத்தில் மாட்டி எடுங்க. கையில் பிடித்து எடுத்தால் உயரம் மாறி விரல் நீளக் கணக்கு போய்விடும்.

தவறு வரும் இடம் கதிர் வடிவம். விரல் விரிந்த கதிரில் மாடல் சரியாக எண்ணும். உள்வளைந்து மூடிய கதிரில் பின்பக்க விரல் மறைந்து, 8 இருந்தால் 6 என்று சொல்லும். கதிர் வடிவம் குடும்பத்தோடு வரும் குணம். ஆக, இந்தத் தவறு எல்லா லைன்களிலும் சமமாகச் சிதறாமல் மூடிய கதிர்க் குடும்பங்கள் முழுவதையும் கீழே தள்ளும். ஜீனோமிக் மாடல் அதை மரபு என்று நம்பி, வடிவத்துக்கான மார்க்கர்களுக்கு மகசூல் குறைவு என்று எதிர்மறை மதிப்பு கொடுத்துவிடும். ஒவ்வொரு வடிவத்திலும் 30, 40 கதிரைக் கையால் எண்ணி, தவறை வடிவவாரியாகப் பிரித்துப் பாருங்க. மூடிய கதிருக்குத் திருப்பிப்போட்டு இரண்டாவது படம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

குலைநோயைப் படத்துக்கு விடாமல் கண்ணால் பாருங்க. கழுத்துக் குலைநோய்க்கு மொத்தக் கதிரில் கழுத்து தாக்கிய கதிர் எத்தனை சதவீதம் என்று பால் முற்றும் பருவத்தில் எண்ணணும். நோய் வராத இடத்தில் எல்லா லைனும் எதிர்ப்புள்ளதாகத் தெரியும். அதனால் உடுரு மல்லிகே மாதிரி எளிதில் தாக்கும் ரகத்தை இடையிடையே வரிசையாக விதைத்து, அதில் நோய் நன்றாக ஏறியிருந்தால் மட்டும் அந்த இடத்துத் தரவை எடுத்துக்கொள்ளுங்க.

---

எண்கணக்கு

இனி ஒட்டுக்கு வருவோம். இழையின் கேள்வியே அதுதான்.

மேலே வரும் 10 லைனை எடுத்தால் அவற்றில் 6, 7 ஒரே இரண்டு குடும்பத்திலிருந்து வந்திருக்கும். 45 ஒட்டில் கணிசமான பங்கு உடன்பிறப்புக் கலப்பு. பெற்றோர் இரண்டும் நல்லது, ஆனால் பல இடங்களில் இரண்டும் ஒரே அல்லீலைத்தான் வைத்திருக்கும். பிள்ளைகளில் பிரிவு குறையும், பொறுக்க அதிகம் மிஞ்சாது.

ஒரு ஒட்டின் மதிப்பு: பெற்றோர் சராசரி + தேர்வுச் செறிவு × துல்லியம் × பிள்ளைகளுக்குள் மரபு விலகல். மேல் 5 சதவீதத்தைப் பொறுக்கினால் செறிவு 2.06. உதாரணத்துக்கு, முதல் ஒட்டின் சராசரி 3,000 கிலோ, விலகல் 100. இரண்டாவது 2,900 கிலோ, விலகல் 200. துல்லியம் 0.7 என்றால் முதலாவது 3,144, இரண்டாவது 3,188. அகன்ற ஒட்டு ஜெயிக்குது. துல்லியம் 0.35 என்றால் முதலாவது 3,072, இரண்டாவது 3,044. முடிவு தலைகீழ்.

துல்லியம் என்று இங்கே சொல்வது, அந்த ஒட்டின் பிள்ளைகளை நீங்கள் எந்த முறையில் பொறுக்கப் போகிறீர்களோ அதன் துல்லியம். மார்க்கரை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் 0.35 மாதிரி குறைந்த எண்ணைப் போடுங்க. 4 இட வயல் சோதனையும் சேர்ந்தால் அது உயரும், அதற்கேற்ப அகன்ற ஒட்டுகளுக்குத் துணியலாம். வயலைச் சரியாக நடத்தத் தெரியாமல் ஒட்டுத் தேர்வை மட்டும் நுணுக்கமாகச் செய்தால் தப்பான ஒட்டுகள்தான் நுணுக்கமாகத் தேறும்.

முறை இது. மேலே உள்ள 40 லைன் எடுங்க. ஜோடி 780. ஒவ்வொரு ஜோடிக்கும் மார்க்கர் மதிப்புகளை வைத்து ஆல்ஃபாசிம்ஆர் என்ற மென்பொருளில் 200 பிள்ளைகளை உருவகப்படுத்தினால் சராசரியும் விலகலும் கிடைக்கும். பிறகு 780 ஜோடிக்கும் "செய், செய்யாதே" என்று 1 அல்லது 0 மாறி. 10 ஒட்டுகளின் மொத்த மதிப்பு அதிகபட்சமாக இருக்கணும். கட்டுப்பாடு: எந்த லைனும் 3 ஒட்டுக்கு மேல் வரக்கூடாது. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு பெற்றோராவது கழுத்துக் குலைநோய்க்கு எதிர்ப்புள்ளது. பெற்றோர் இருவருக்கும் உள்ள உறவின் சராசரிக்கு மேல்வரம்பு. தட்டுக்குத் தரை. எல்லாமே நேர்கோட்டில் எழுதக்கூடியவை, இலவசத் தீர்ப்பான் (இந்த வகைக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) எதுவானாலும் சாதாரண மடிக்கணினியில் சீக்கிரமே முடித்துவிடும். உறவு வரம்பை இறுக்கியும் தளர்த்தியும் 5, 6 தடவை ஓட்டி, மதிப்பு எங்கே சட்டென்று விழுகிறது என்று பாருங்க. அதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கணும்.

---

மூன்றாம்சாமம் (காவேரிப்பட்டணம்)

அக்கா சொன்ன கணக்கில் இரண்டு கட்டுப்பாடு குறையுது. அவை இல்லாமல் 10 ஒட்டு பட்டியலில் வந்தாலும் வயலில் 4 தேறாது.

ராகிப் பூ பொடிசு, விடியலுக்கு முன் 1 மணியிலிருந்து 5 மணிக்குள் விரியும். விரலின் நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும், ஒரு கதிர் முழுதும் பூத்து முடிய ஒரு வாரம் போல ஆகும். கையால் மகரந்தப் பையை நீக்குவது பெரும்பாடு. கதிர் இரண்டையும் ஒரே உறையில் சேர்த்துக் கட்டும் முறையில் கிடைப்பதில் பெரும்பங்கு தற்கலப்புதான். வெந்நீர் முறை மேல்: பூ விரியத் தொடங்காத கதிரை 52 டிகிரி அளவு நீரில் சில நிமிஷம். மின்வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீங்க. சூடு குறைந்தால் சொந்த மகரந்தம் பிழைத்துக்கொள்ளும், கூடினால் சூலும் வெந்துவிடும்.

ஆகவே முதல் கட்டுப்பாடு நிறம். கணுவில் ஊதா உள்ள லைன் ஆணாகவும் பச்சை லைன் பெண்ணாகவும் இருந்தால், ஊதா ஓங்கிய குணம் என்பதால் உண்மையான எஃப்1 ஊதாவாக நிற்கும், பச்சையைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். இரண்டும் பச்சை என்றால் ஒவ்வொரு நாற்றையும் மார்க்கர் வைத்துத்தான் பார்க்கணும். அந்தச் செலவை ஒட்டின் மதிப்பில் கழிக்கணும்.

உண்மை ஒட்டு 5 சதவீதம் என்று வைத்தால், ஒரு செடியாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்புக்கு 60 விதை முளைக்க வைக்கணும். மூன்று செடி வேண்டும் என்றால் 125 விதை. பெற்றோர் இரண்டும் தூய லைன் என்றால் ஒரு எஃப்1 செடியே எஃப்2-வுக்கு வேண்டிய விதையைக் கொடுத்துவிடும். மூன்று கேட்பது பூச்சி, அழுகலுக்காக.

இரண்டாவது பூக்கும் நாள். வித்தியாசம் 10 நாளைத் தாண்டினால் தனி விதைப்பு வேண்டும். ஆண் 62 நாள், பெண் 78 நாள் என்றால் பெண்ணை முதலில் விதைத்து, ஆணை 9, 16, 23-ஆம் நாளில் மூன்று தடவையாக விதைக்கணும். வித்தியாசம் 25 நாளைத் தொடும் ஜோடியை நான் தொடவே மாட்டேன்.

---

நாற்றங்கால்

அண்ணா, இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். நிறம் பொருந்தாத ஜோடியை நீக்கவில்லை, மதிப்பில் மட்டும் கழித்தேன். 10 ஒட்டில் 4 மாறியது, மொத்த மதிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறங்கியது. 10-இல் 8 ஊதா × பச்சை.

இன்னும் ஒரு கேள்வி. கோதுமையில் 22 மணி நேர வெளிச்சம் கொடுத்து வருஷத்துக்கு ஐந்தாறு தலைமுறை எடுப்பதாகப் படித்தேன். எஃப்2-விலிருந்து எஃப்4 வரை அதே மாதிரி ராகியைத் தள்ள முடியுமா?

---

நான்மடியம்

அந்தச் செய்முறை ராகிக்குப் பொருந்தாது. கோதுமை நெடும்பகல் பயிர், ராகி குறும்பகல் பயிர். 22 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் தழைத்துக்கொண்டே இருக்கும், பூப்பது தள்ளிப்போகும். வெளிச்ச நேரத்தைக் குறைக்கணும். நெருக்கி நட்டு, சின்னக் குழித்தட்டில், கறுப்புத் துணி மூடி 9, 10 மணி நேரத்துக்குள் வெளிச்சத்தை நிறுத்தினால் சீக்கிரம் கதிர் தள்ளும். செடிக்கு ஒரு விரல் மணி போதும், அறுத்து உலர்த்தி அடுத்த தலைமுறை போடலாம். வசதி இல்லை என்றால் கிணற்றுப் பாசனத்தில் ஆடியும் மார்கழியும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு தலைமுறை எடுங்க.

---

எண்கணக்கு

எஃப்4 வந்ததும் ஒட்டுக்கு 30 வீதம் 300 லைன் ஜீனோடைப் செய்யுங்க. கணிப்பில் மேலே உள்ள 30-ஐ வயலுக்கு அனுப்பும்போது, கணிப்பைப் பார்க்காமல் குலுக்கி எடுத்த 20 லைனையும் சேர்த்து அனுப்புங்க. இதை எல்லாரும் செலவு என்று விட்டுவிடுவார்கள். மேல் 30-ஐ மட்டும் போட்டால் அடுத்த தடவை மாடலைப் புதுப்பிக்கும்போது அதற்கு மட்டமான லைன் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இந்தத் தலைமுறையில் கணிப்பு உண்மையில் எவ்வளவு பலித்தது என்பதையும் அந்த 20 இல்லாமல் அளக்க முடியாது. ஒவ்வொரு கலப்பிலும் மார்க்கருக்கும் மரபணுவுக்கும் உள்ள பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடையும், பழைய 240-ஐ வைத்தே மூன்றாவது சுற்றுக்குப் போகாதீங்க.

---

தளிமேடு

பெற்றோரில் உள்ளூர் ராகி ஏதாவது இருந்தால், எந்த ஊர், எந்தக் குடும்பம் கொடுத்தது, எந்த வருஷம் என்று இப்போதே எழுதி வையுங்க. 2001-ஆம் வருஷப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் பலனில் பங்கு கேட்க விதை கொடுத்தவருக்கு வழி இருக்கு. ரகம் வெளியாகும்போது தேடினால் கிடைக்காது.

---

நாற்றங்கால்

8 பெற்றோரில் 2 உள்ளூர்தான் அண்ணா, ஊரும் பெயரும் பதிவேட்டில் ஏற்றுகிறேன். வயலுக்கு அரூர், வேப்பனப்பள்ளியில் இடம் பேசியாச்சு, ஜோடிக்கு 40 கணக்கில் பாதி அளவுதான். மின்தராசு, ஈரமானி, தட்டு எடைக்குத் தனித் தராசு மூன்றும் பட்டியலில் சேர்த்தேன். ஒட்டுக்கான பெற்றோரைப் பாசனத்தில், மார்கழியில் விதைக்கிறேன்.

---

மூன்றாம்சாமம்

மார்கழியில் விதைத்தால் கீழே பூப்பது மாசியில். பகல் சிறிது சிறிதாக நீளும், ஆடிப்பட்டத்தில் எடுத்த பூக்கும் நாள் அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு பெற்றோரிலும் 5 செடியை ஐப்பசியிலேயே முன்னோட்டமாக விதைத்து எத்தனை நாளில் கதிர் தள்ளுது என்று பாருங்க, விதைப்பு இடைவெளியை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். வெந்நீர் கொடுக்கும் கதிருக்கு லேபிளை உறைக்கு வெளியே கட்டாமல் கதிர்த்தண்டிலேயே கட்டுங்க. உறை காற்றில் போகும்.